காணிப்பாக்கத்துச் சத்தியமும் ஒரு நாட்டின் உறுதிமொழியும்

சித்தூர் பக்கத்தில் இரண்டு பேருக்குள் வழக்கு முற்றிப்போனால் கடைசியில் ஒரு கேள்வி வந்து விழும்: "காணிப்பாக்கம் வந்து சத்தியம் பண்ணுவியா?" தெலுங்கில் கேட்பவர்களும் உண்டு, தமிழில் கேட்பவர்களும் உண்டு. கேட்ட மாத்திரத்திலேயே பல வழக்குகள் தீர்ந்துவிடும். எடுத்த பொருளை எடுக்கவில்லை என்று சாதித்தவர் பேச்சை மாற்றுவார். வாங்கிய கடனை மறுத்தவர் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிடுவார். துணிந்து வருபவர், திருக்குளத்தில் முழுகி, ஈரத் துணியோடு வரசித்தி விநாயகர் முன்னே நின்று வாயைத் திறப்பார். அங்கே பொய் சொன்னவன் தப்ப மாட்டான் என்பது இந்த வட்டாரத்தின் அசையாத நம்பிக்கை.

சித்தூர் நகரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில், ஐரால மண்டலத்தில், பாகுதா ஆற்றங்கரையில் இருக்கிறது காணிப்பாக்கம். கண் தெரியாத ஒருவர், காது கேளாத ஒருவர், வாய் பேசாத ஒருவர் என மூன்று சகோதரர்கள் கிணற்றை ஆழப்படுத்தியபோது கல்லில் இரும்பு பட்டு, குருதி பெருக, உள்ளே விநாயகர் வெளிப்பட்டார் என்பது தலபுராணம். குலோத்துங்க சோழன் காலத்தில் கோயில் எழுந்தது என்றும், விஜயநகர அரசர்கள் விரிவாக்கினார்கள் என்றும் சொல்கிறார்கள். வேலூர், இராணிப்பேட்டை, திருவள்ளூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது சொந்தக் கோயில்தான். இனிக் குடிப்பதில்லை என்று மனைவி மக்கள் முன்னிலையில் சத்தியம் செய்ய வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆந்திர அரசியல்வாதிகள் ஒருவர்மேல் ஒருவர் ஊழல் புகார் சுமத்தும்போது, "காணிப்பாக்கத்தில் சத்தியம் செய்யத் தயாரா?" என்று அறைகூவல் விடுவதும் வழக்கமாகிவிட்டது.

இந்த அறைகூவலைக் கேட்கும்போதெல்லாம் ஒன்று மனதில் தைக்கிறது. அறைகூவல் விடுபவரும் அதை ஏற்பவரும் ஏற்கெனவே ஒரு சத்தியம் செய்தவர்கள். அரசமைப்பின்மீது உண்மையான நம்பிக்கையும் மாறாப் பற்றும் கொண்டிருப்போம் என்று அவையில் நின்று சொன்னவர்கள். அந்த உறுதிமொழிக்கு இல்லாத கனம் கோயில் சத்தியத்துக்கு எப்படி வந்தது? இதற்கு விடை தேட, சத்தியம் என்ற ஒன்று கிணற்றங்கரையிலிருந்து நாட்டின் தலைவர் பதவியேற்கும் மண்டபம் வரை எப்படி வந்து சேர்ந்தது, அங்கிருந்து என்ன பாடுபட்டது என்று பார்க்க வேண்டும்.

ஆற்றின் கதை

காணிப்பாக்கத்தின் ஆற்றுக்கே ஒரு நீதிக் கதை இருக்கிறது. மகாபாரதத்தின் சாந்தி பருவத்திலும் வருவது அது. சங்கன், லிகிதன் என்று இரண்டு சகோதரர்கள். இருவரும் முனிவர்கள். அண்ணன் இல்லாத நேரத்தில் அவர் ஆசிரமத்து மரத்திலிருந்து பழம் பறித்துத் தின்றுவிடுகிறார் தம்பி. திரும்பி வந்த அண்ணன், "கேட்காமல் எடுத்தது களவு. அரசனிடம் போய்ச் சொல், தண்டனையை வாங்கிக்கொள்" என்று அனுப்புகிறார். அரசன் சுத்யும்னன் முனிவரைக் கண்டு நடந்தே எதிர்கொண்டு வருகிறான். தண்டிக்க அதிகாரம் உள்ளவனுக்கு மன்னிக்கவும் அதிகாரம் உண்டு, மன்னித்துவிட்டேன் என்கிறான். லிகிதர் ஏற்கவில்லை. களவுக்கு உரிய தண்டனை எதுவோ அதைக் கொடு என்கிறார். கைகள் வெட்டப்படுகின்றன. திரும்பி வந்தவரைப் பாகுதா ஆற்றில் முழுகச் சொல்கிறார் அண்ணன். முழுகி எழுந்தால் கைகள் வளர்ந்திருக்கின்றன.

அப்போது தம்பி கேட்கிறார்: உன் தவத்தால் இவ்வளவு முடியும் என்றால் முதலிலேயே என்னைத் தூய்மையாக்கியிருக்கலாமே? தண்டிக்கும் உரிமை என்னுடையதில்லை, அது அரசனுடையது. அதைச் செய்ததால் அரசனும் தூய்மையானான், நீயும் தூய்மையானாய் என்கிறார் அண்ணன். இந்தக் கதையை வியாசர் யாருக்குச் சொல்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். போரில் வென்றும் ஆட்சி வேண்டாம் என்று தயங்கி நின்ற தருமனுக்குச் சொல்கிறார். கடுமையான தண்டனையை நாம் இன்று ஏற்க மாட்டோம். ஆனால் கதையின் உள்ளீடு பழசாகவில்லை. ஆள்பவனின் தயவும் மரியாதையும் விருப்பமும் நெறிக்கு மேலே போக முடியாது. அண்ணனுக்கு எவ்வளவு ஆற்றல் இருந்தாலும் அவருக்கு உரியதல்லாத வேலையை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொருவரும் தம் எல்லையில் நின்றதால்தான் அங்கே நீதி நடந்தது.

நீதிமன்றத்தில் கோயில் சத்தியம்

கம்பெனி ஆட்சியில் நீதிமன்றங்கள் வந்தபோது, சாட்சி சொல்பவரை எதன்மேல் சத்தியம் செய்ய வைப்பது என்ற சிக்கல் எழுந்தது. இந்துக்களைக் கங்கை நீரின்மேலும் முஸ்லிம்களைக் குர்ஆன்மேலும் சத்தியம் செய்யக் கட்டாயப்படுத்தினார்கள். அதை விரும்பாமலே பலர் சாட்சி சொல்ல வராமல் போனார்கள். நீதிக்கு இடையூறாகிறது என்று 1840ல் ஒரு சட்டம் கொண்டுவந்து, வெறும் உறுதிமொழி போதும் என்றார்கள்.

1873ஆம் ஆண்டின் இந்தியச் சத்தியப் பிரமாணச் சட்டம் வேறொரு கதவைத் திறந்தது. வழக்காடும் ஒருவர், "எதிராளி இன்ன முறையில் சத்தியம் செய்தால் அவர் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன்" என்று நீதிமன்றத்தில் சொல்லலாம். எதிராளி சம்மதித்தால், ஆணையர் ஒருவரை அனுப்பி, நீதிமன்றத்துக்கு வெளியே கோயிலிலேயேகூட அந்தச் சத்தியத்தைப் பெறலாம். அப்படிச் சொன்ன சொல், கேட்டவரைப் பொறுத்தவரை முடிந்த முடிவு. மேற்கொண்டு சாட்சி தேவையில்லை. ஆக, ஊர்த் தெய்வத்தின் முன்னே செய்யும் சத்தியத்துக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் இந்தியச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. 1969ல் வந்த புதிய சட்டம் இந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. உண்மையைச் சாட்சியங்களை எடைபோட்டு நீதிபதியே கண்டறிய வேண்டும் என்பது அதன் நிலை.

அந்தப் பழைய சட்டம் நடப்பிலிருந்த காலத்தில், 1915ஆம் ஆண்டு வாக்கில், சித்தூரில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார் ஓர் இளைஞர். திருப்பதிக்கு அருகே திருச்சானூரில் 1891ல் பிறந்த மா. அனந்தசயனம் அய்யங்கார். ஒத்துழையாமை இயக்கத்தில் தொழிலை நிறுத்திவைத்தவர், 1934ல் மத்திய சட்டமன்றத்துக்குப் போனார். பிறகு அரசமைப்பு அவையில் உட்கார்ந்தார். மக்களவையின் முதல் துணைத் தலைவராகவும், முதல் தலைவர் மவலங்கர் 1956ல் மறைந்த பின் இரண்டாவது தலைவராகவும் இருந்தார். 1957 தேர்தலில் சித்தூர்த் தொகுதியிலிருந்தே வென்று மீண்டும் அந்த இருக்கையில் அமர்ந்தார். காணிப்பாக்கத்தின் பிள்ளை என்று சொல்லத்தக்க தொலைவில் பிறந்த ஒருவர், நாடு செய்யவிருந்த பெரிய சத்தியத்தின் வாசகங்கள் எழுதப்பட்ட அவையில் ஓர் உறுப்பினர்.

வெளிநாட்டிலிருந்து வந்த கிளை

தலைவர் ஏற்கும் உறுதிமொழிக்கு இன்னொரு வேரும் இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் பதவி ஏற்றவர்கள் அரசருக்கும் அவர் வாரிசுகளுக்கும் விசுவாசம் கூறினார்கள். 1935ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அப்படித்தான். 1937ல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் காங்கிரஸ்காரர்கள் நுழைந்தபோது, விடுதலைக்காகச் சிறை சென்ற அந்த வாய்களே அரசருக்கு விசுவாசம் சொல்ல நேர்ந்தது.

ஓர் ஆளுக்குப் பதிலாக ஓர் ஆவணத்துக்குக் கட்டுப்படும் உறுதிமொழியை அமெரிக்க அரசமைப்பு 1787லேயே எழுதிவைத்தது. அந்நாட்டின் குடியரசுத் தலைவர் அரசமைப்பைப் பேணுவேன், பாதுகாப்பேன், காத்து நிற்பேன் என்று சொல்ல வேண்டும். 1789 ஏப்ரல் 30 அன்று நியூயார்க்கில் ஜார்ஜ் வாஷிங்டன் அதை முதன்முதலில் சொன்னார். அயர்லாந்து 1937ல் தன் அரசமைப்பை எழுதியபோது, மக்களின் சேவைக்கும் நலனுக்கும் என் திறனை அர்ப்பணிப்பேன் என்று தலைவர் சொல்ல வேண்டும் என்று வைத்தது.

அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழுவில் அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர், என். கோபாலசாமி அய்யங்கார், பின்னர் வந்து சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி என்று தென்னாட்டவர் பலர் இருந்தார்கள். அந்தக் குழு 1948 பிப்ரவரியில் கொடுத்த வரைவு இரண்டு மரபுகளையும் சேர்த்தது. அரசமைப்பைப் பேணிக் காப்பேன் என்பது அமெரிக்கச் சாயல். மக்களின் சேவைக்கும் நல்வாழ்வுக்கும் என்னை அர்ப்பணிப்பேன் என்பது அயர்லாந்துச் சாயல். அரசமைப்பை மட்டுமல்ல, சட்டத்தையும் காப்பேன் என்று நம் குடியரசுத் தலைவர் சொல்கிறார்.

1948 டிசம்பர் 27 அன்று இது விவாதத்துக்கு வந்தது. வரைவில் கடவுள் பெயர் இல்லை. மகாவீர் தியாகி உள்ளிட்ட சிலர் அது வேண்டும் என்றார்கள். மதச்சார்பற்ற நாட்டின் தலைவர் கடவுள் பெயரால் ஏன் ஆணையிட வேண்டும் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். முடிவில் இரண்டு வழிகளும் திறந்துவைக்கப்பட்டன. நம்புகிறவர் கடவுள் பெயரால் ஆணையிடலாம். நம்பாதவர், அல்லது நம்பிக்கையை அவைக்குக் கொண்டுவர விரும்பாதவர், உளமார உறுதி கூறலாம். இரண்டுக்கும் சட்டத்தில் எடை ஒன்றே. தமிழ்நாட்டில் திராவிட இயக்கத்து அமைச்சர்கள் "உளமார உறுதி கூறுகிறேன்" என்று சொல்லக் கேட்கும்போது, அந்த டிசம்பர் நாளின் முடிவையே நாம் கேட்கிறோம். காணிப்பாக்கம் கிணற்றங்கரையில் நிற்பவரின் நம்பிக்கைக்கும் ஈரோட்டுப் பெரியாரின் மாணவரது மனச்சான்றுக்கும் ஒரே வாக்கியத்தில் இடம் கிடைத்தது. உலகின் பல நாடுகளில் இன்னும் எட்டாத பெருந்தன்மை இது.

குடியரசுக்கு மூத்த வாசகம்

அரசமைப்பு 1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்டது. முழுமையாக நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26. ஆனால் சில பிரிவுகள் மட்டும் ஏற்கப்பட்ட நாளிலேயே உயிர்பெற்றன. குடியுரிமை, தேர்தல் ஆணையம் போன்றவற்றோடு அந்தச் சிறு பட்டியலில் 60ஆம் பிரிவும் இருக்கிறது. குடியரசுத் தலைவரின் உறுதிமொழி அந்தப் பிரிவுதான். காரணம் எளிது. குடியரசு பிறக்கும் நாளில் அதன் தலைவர் எதைச் சொல்லிப் பொறுப்பேற்பது என்பது முன்கூட்டியே சட்டமாகியிருக்க வேண்டும். அதனால் நம் குடியரசைவிட அதன் தலைவரின் உறுதிமொழிக்கு வயது இரண்டு மாதம் அதிகம். முதலில் வாக்கு, அதன் பிறகே அதிகாரம் என்ற வரிசையை இதைவிடத் தெளிவாக எந்த நாடும் சொன்னதில்லை என்று நினைக்கிறேன்.

1950 ஜனவரி 26 காலையில் தில்லி அரசினர் மாளிகையின் தர்பார் மண்டபத்தில் இராஜாஜி இந்தியாவைக் குடியரசாக அறிவித்தார். அடுத்த சில நிமிடங்களில் தலைமை நீதிபதி ஹரிலால் கனியா முன்னிலையில் இராஜேந்திர பிரசாத் அந்த வாசகத்தைச் சொன்னார். அதைச் செய்துவைப்பவர் இந்தியத் தலைமை நீதிபதியாக இருக்க வேண்டும், அவர் இல்லாதபோது உச்ச நீதிமன்றத்தின் மூத்த நீதிபதி என்பதும் 60ஆம் பிரிவிலேயே இருக்கிறது. பிரதமருக்கும் அமைச்சர்களுக்கும் உறுதிமொழி செய்துவைப்பவர் குடியரசுத் தலைவர். அவர்களுடைய வாசகம் மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது. அச்சமோ சார்போ, விருப்போ வெறுப்போ இல்லாமல் எல்லா மக்களுக்கும் அரசமைப்பின்படியும் சட்டத்தின்படியும் நேர்மையாக நடந்துகொள்வதாக அது சொல்ல வைக்கிறது. கிணற்றங்கரைச் சத்தியம் நடந்து முடிந்ததைப் பற்றியது: எடுத்தேனா, எடுக்கவில்லையா. பதவிச் சத்தியம் வரப்போகும் ஒவ்வொரு நாளையும் பற்றியது. அதனால்தான் அதைக் காப்பது கடினம்.

மீறினால் என்ன ஆகும் என்பதையும் எழுதியவர்கள் மறக்கவில்லை. 60ஐ அடுத்த 61ஆம் பிரிவு, அரசமைப்பை மீறும் குடியரசுத் தலைவரைக் குற்றஞ்சாட்டி நீக்கும் வழியைச் சொல்கிறது. ஓர் அவையின் நான்கில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டு 14 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த அவையின் மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தால்தான் குற்றச்சாட்டு நிற்கும். அதை விசாரித்து, அதே அளவு பெரும்பான்மையுடன் தீர்மானிக்க வேண்டியது மற்ற அவை. இதுவரை எவர்மீதும் அது பயன்பட்டதில்லை.

தமிழர் வாசலில்

1962 மே 13 அன்று அந்த உறுதிமொழியை ஏற்றவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். அவர் பிறந்த திருத்தணி, சித்தூர் மாவட்டம் 1911ல் உருவானதிலிருந்து அதன் பகுதியாக இருந்து, நெடிய எல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960ல்தான் தமிழ்நாட்டுக்கு வந்தது. அவர் சிறுவயதில் படித்தது திருப்பதியின் லூத்தரன் மிஷன் பள்ளியில். அவர் பதவிக்காலத்தில்தான் இந்திய உறுதிமொழிகளின் வாசகம் ஒருமுறை மாறியது.

அந்த மாற்றத்துக்குக் காரணம் தமிழ்நாடு. திராவிட நாடு கோரிக்கை வலுத்திருந்த நேரம். தேசிய ஒருமைப்பாட்டுக்காகச் சி.பி. இராமசாமி அய்யர் தலைமையில் அமைந்த குழு, தேர்தலில் நிற்பவர்களே நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிகூற வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1963ல் 16ஆம் திருத்தம் நிறைவேறியது. மாநிலங்களவையில் அண்ணா அதை எதிர்த்துப் பேசினார். அந்த ஆண்டிலேயே தி.மு.க. பிரிவினைக் கோரிக்கையைக் கட்சி விதிகளிலிருந்து நீக்கியது. நான்கே ஆண்டுகளில், 1967 மார்ச் 6 அன்று, அந்த மாறிய வாசகத்தைச் சொல்லியே அண்ணா முதலமைச்சரானார். உறுதிமொழியை ஏற்று உள்ளே நின்றதால் மாநில உரிமை என்ற வழக்கை அவரால் உள்ளிருந்தே தொடர முடிந்தது.

பாக் நீரிணைக்கு அப்பால் அதே வகை வாசகம் வேறு விதமாக வாழ்ந்தது. 1983 ஜூலைக் கலவரத்தில் தமிழர் வீடுகள் எரிந்த சாம்பல் ஆறும் முன்னரே, ஆகஸ்டில், இலங்கை அரசு 6ஆம் திருத்தத்தைக் கொண்டுவந்தது. தனிநாட்டை ஆதரிக்க மாட்டேன் என்று ஒவ்வோர் உறுப்பினரும் சத்தியம் செய்ய வேண்டும் என்றது. 1977ல் 18 இடங்களை வென்று எதிர்க்கட்சியாக இருந்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் அதை ஏற்க மறுத்து இடங்களை இழந்தார்கள். பேச வேண்டிய அவையில் தமிழர் குரல் இல்லாமல் போன பின் என்ன நடந்தது என்பதை உலகம் அறியும். இந்தியா உறுதிமொழியை மாற்றியபோது எதிர்ப்பவருக்கும் அவையில் இருக்கை இருந்தது. இலங்கை மாற்றியபோது அடிபட்டவர்களுக்கு வெளியேறும் வாசல் காட்டப்பட்டது. உறுதிமொழி குடிமக்களை வெளியேற்றும் கருவியாகும்போது அது அரசமைப்பைக் காப்பதில்லை.

ஒரு கையெழுத்தின் இரவு

உறுதிமொழியின் வாழ்க்கையில் இருண்ட இரவு 1975 ஜூன் 25. நெருக்கடிநிலை அறிவிப்பு பிரதமர் இந்திரா காந்தியிடமிருந்து குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமதுவிடம் வந்தது. அமைச்சரவை கூடவில்லை. கூடியதா என்று அவர் கேட்டு நிறுத்தியிருக்கலாம்; நிறுத்தவில்லை, கையெழுத்திட்டார். அமைச்சரவை மறுநாள் காலை ஆறு மணிக்குக் கூடி, முடிந்துபோனதற்குச் சம்மதம் தெரிவித்தது. தலைவர்கள் சிறைக்குப் போனார்கள், பத்திரிகைகள் தணிக்கைக்குள் போயின, தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்று ஆட்சி கலைக்கப்பட்டது. பேணிக் காப்பேன் என்று சொன்ன கை தயங்க வேண்டிய இடத்தில் தயங்காததற்கு நாடு இவ்வளவு விலை கொடுத்தது.

பாடம் சட்டமாக எழுதப்பட்டது. 1978ன் 44ஆம் திருத்தப்படி, அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வந்தாலொழிய குடியரசுத் தலைவர் நெருக்கடிநிலையை அறிவிக்கக் கூடாது. அமைச்சரவையின் எந்த ஆலோசனையையும் ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்ப அவருக்கு உரிமை உண்டு. மீண்டும் அதே ஆலோசனை வந்தால் ஏற்க வேண்டும். இந்தத் திருத்தத்துக்கு 1979 ஏப்ரல் 30 அன்று ஒப்புதல் தந்தவர் நீலம் சஞ்சீவ ரெட்டி. சித்தூரைப் போலவே இராயலசீமையைச் சேர்ந்த அனந்தபூர் மாவட்டத்துக்காரர் அவர்.

திருப்பி அனுப்பும் அந்த உரிமை சும்மா கிடக்கவில்லை. 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேச ஆட்சியைக் கலைக்கச் சொல்லி குஜ்ரால் அமைச்சரவை அனுப்பிய ஆலோசனையைக் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை கைவிட்டது. 1998 செப்டம்பரில் பீகாருக்காக வாஜ்பாய் அமைச்சரவை அனுப்பியதையும் திருப்பினார். ஒன்று ஐக்கிய முன்னணி அரசு, மற்றது பா.ஜ.க. கூட்டணி அரசு, அவருக்கு அளவுகோல் ஒன்றுதான். பீகார் ஆலோசனை 1999ல் மறுபடி வந்தபோது அவர் கையெழுத்திட்டார். அதுவும் உறுதிமொழியைக் காத்ததுதான், ஏனென்றால் அவர் காக்க வேண்டிய அரசமைப்பே அவர் அதிகாரத்துக்கு அங்கே கோடு கிழித்திருக்கிறது.

இராமேசுவரத்துக்காரர் அப்துல் கலாமின் அனுபவத்தில் இரண்டு பக்கமும் உண்டு. 2005 மே மாதம் மாஸ்கோவில் இருந்தபோது, பீகார்ச் சட்டமன்றத்தைக் கலைக்கும் ஆலோசனை நள்ளிரவில் வந்தது. கையெழுத்திட்டார். அந்தக் கலைப்பு அரசமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் அந்த அக்டோபரில் சொன்னது. பதவி விலகவே முற்பட்டதாகப் பின்னர் அவர் எழுதினார். அடுத்த ஆண்டு, இலாபம் தரும் பதவிகள் பற்றிய மசோதாவை விளக்கம் கேட்டு நாடாளுமன்றத்துக்குத் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் மறுபடி நிறைவேற்றியதும் ஒப்புதல் தந்தார். தவறு நேர்ந்தபோது வருந்தத் தெரிந்ததும், அடுத்த முறை கேள்வி கேட்டதும் அந்த உறுதிமொழி அவருக்குள் உயிரோடு இருந்ததைக் காட்டுகின்றன.

கொழும்பில் ஒரு தீர்ப்பு

தலைவரே எல்லை தாண்டினால் யார் தடுப்பது? இதற்கு அண்மைக் காலத்தில் கிடைத்த மிகத் தெளிவான விடை கொழும்பிலிருந்து வந்தது. அரசமைப்பு மதிக்கப்படுவதையும் பேணப்படுவதையும் உறுதிசெய்வது சனாதிபதியின் கடமை என்று இலங்கையின் 19ஆம் திருத்தம் 2015ல் எழுதிவைத்தது. அந்தத் திருத்தம் வந்தது சனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் ஆட்சியில். அவரே 2018 அக்டோபர் 26 அன்று பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மகிந்த ராஜபக்சவை நியமித்தார். நவம்பர் 9 அன்று நாடாளுமன்றத்தையும் கலைத்தார். நாலரை ஆண்டு முடியும் முன் கலைக்க மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களின் தீர்மானம் வேண்டும் என்று அரசமைப்பு சொல்லியிருந்தும் கலைத்தார்.

உச்ச நீதிமன்றத்துக்குப் போன மனுக்களில், வழக்கின் பெயராக இன்று சட்ட நூல்களில் நிற்பது திருகோணமலைத் தமிழர் தலைவர் இராஜவரோதயம் சம்பந்தனுடைய பெயர். ஏழு நீதிபதிகள் 2018 டிசம்பர் 13 அன்று ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள்: கலைப்பு அரசமைப்புக்கு விரோதம். டிசம்பர் 16 அன்று ரணில் மீண்டும் பிரதமரானார். 1983ல் ஒரு சத்தியத்தால் அவையிலிருந்து வெளியேறியவர்களில் ஒருவரான அவர், முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அதே நாட்டின் அரசமைப்பைக் காக்க நீதிமன்றப் படி ஏறினார். அந்த நாடு அவருடைய மக்களுக்கு நேர்மையாக நடந்துகொண்டது என்று யாரும் சொல்ல முடியாது. அப்படியிருந்தும் அவர் ஏறினார். தலைவர் மறந்த கடமையைக் குடிமகன் நினைவில் வைத்திருந்தார்.

சத்தியத்தின் பலம் எங்கே

இவ்வளவு தூரம் கூடவே வந்து பார்த்தால், கோயில் சத்தியத்தின் கனம் எதிலிருந்து வருகிறது என்பது விளங்கும். சொல்பவரும் கேட்பவரும் அதை ஒரே அளவில் நம்புகிறார்கள். பொய்ச் சத்தியம் செய்தவரை ஊர் மறப்பதில்லை; பல காலம் கழித்து அவர் வீட்டில் கெட்டது ஒன்று நடந்தாலும் அன்றைய சத்தியத்தோடு சேர்த்தே பேசும். பதவிச் சத்தியத்துக்கு நாம் அந்த நினைவைக் கொடுக்கவில்லை. பதவியேற்பு நாளில் வந்தவர் யார், வராதவர் யார், யாருக்கு எந்தத் துறை என்று பார்க்கிறோம். சொன்ன வாசகத்தை யாரும் குறித்துவைப்பதில்லை. ஐந்தாண்டு முடிந்து வாக்குக் கேட்டு வருபவரிடம் சாலையைப் பற்றிக் கேட்கிறோம், குடிநீரைப் பற்றிக் கேட்கிறோம், கேட்க வேண்டியவைதான். விருப்பு வெறுப்பு இல்லாமல் நடப்பேன் என்றீர்களே, நடந்தீர்களா என்று கேட்பதில்லை.

தலைவர் மனச்சான்றுள்ளவராக அமைவது நாட்டின் நல்லூழ். அதை நம்பி மட்டும் ஓர் அரசமைப்பை விட்டுவைக்க முடியாது. தயங்க வேண்டிய இடத்தில் தலைவரைத் தயங்க வைப்பது, கேள்வி கேட்கப்படும் என்ற உணர்வு. 1975ன் இரவில் அது இல்லை. 1997ல் அது இருந்தது. 2018ல் தலைவர் தயங்கவில்லை, ஆனால் கேள்வி கேட்பவர்கள் இருந்தார்கள். எழுதிய சட்டம், அதைப் படித்த நீதிபதி, படி ஏறத் துணிந்த குடிமகன் ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் உறுதிமொழிக்கு உயிர் வருகிறது.

2015லிருந்து நவம்பர் 26ஐ அரசமைப்பு நாளாகக் கொண்டாடுகிறோம். பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் முகப்புரையை வாசிக்கிறார்கள். அந்த நாளிலேயே உயிர்பெற்ற 60ஆம் பிரிவையும், மூன்றாம் அட்டவணையின் உறுதிமொழிகளையும் கூடவே வாசிக்க வேண்டும். கிராம சபையில் ஊராட்சித் தலைவர் தாம் ஏற்ற உறுதிமொழியை ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் முன்னே மறுபடி சொல்லட்டும். சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்திலும் நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்திலும் அவர் படத்துக்குப் பக்கத்தில் அந்த வாசகம் தமிழில் தொங்கட்டும். ஆசிரியர்கள் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். அடுத்த முறை தொலைக்காட்சியில் ஒரு தலைவர் பதவியேற்கும்போது, நீங்களும் ஒரு காகிதத்தில் அவர் சொன்னதை எழுதி, தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர் உங்களிடம் வரும் நாளில் அதை எடுத்துக் காட்டிக் கேளுங்கள். அந்தச் சத்தியம் செய்யப்பட்டது உங்களுக்காகத்தான்.